இவர் பெயருக்கு வந்த ஃபைன்

8 ஏப்ரல் 2025, செவ்வாய்

ரக்ஷிதாவுக்குப் பள்ளி திறந்தாயிற்று. பதினொன்றாம் வகுப்பு. புது யூனிஃபார்ம் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, பிள்ளை அவ்வளவு இளைத்திருக்கிறாள். ஊக்கு குத்தி அனுப்பினேன். கிளினிக்கில் ஒரே கூட்டம். பல்லைப் பிடுங்க வருகிறவர்கள் எல்லாம் டாக்டரை விட்டுவிட்டு ரிசப்ஷனில் இருக்கிற என்னைத்தான் முறைக்கிறார்கள், நான்தான் கையில் குறடோடு நிற்கிற மாதிரி.

சாயங்காலம் அலமாரிக்குள் இவருடைய ஃபோன் உர்ரென்று அதிர்ந்தது. அதை இன்னும் சார்ஜ் போட்டு, சத்தம் வராமல் வைத்திருக்கிறேன். பேங்க் ஓடிபி வரும் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். அது பாதி உண்மை. வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ தெரியாத நம்பரிலிருந்து கூப்பிடுகிறார்கள். நான் எடுப்பதில்லை. எடுத்தால் "அவர் இல்லை" என்று சொல்லவேண்டும். எங்கே போயிருக்கிறார் என்று அடுத்த கேள்வி வரும்.

இன்று வந்தது மெசேஜ். "அன்புள்ள சுயம்புலிங்கம், உங்கள் வாகனம் எங்கள் இடத்தில் கட்டணமின்றி நிறுத்தப்பட்டுள்ளது. அபராதம் 150 திர்ஹாம்." ஏதோ ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனி. எப்போதோ துபாயில் ஒரு கட்டடத்துக்குப் போனபோது இவரே அவர்கள் ஆப்பில் பெயரையும் வண்டி நம்பரையும் கொடுத்திருந்தார்.

இவர் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. வண்டி எங்கே நிற்கிறது என்று எங்களுக்கே தெரியாது. இவருக்கு ஃபைன் வருகிறது.

9 ஏப்ரல், புதன்

கிளினிக்கில் மதிய இடைவேளை. எழுதிவிட்டால் தலைப் பாரம் கொஞ்சம் இறங்கும்.

ஜனவரி பதினாறு, வியாழன். ஷார்ஜாவில், அதுவும் எங்கள் அல் நஹ்தாவில், மனுஷனுக்கு வீடு கிடைத்தாலும் பார்க்கிங் கிடைக்காது. இவர் துபாயில் டூட்டி முடித்து ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருவார். அதற்குமேல் கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் மணல் மைதானங்களை ஒவ்வொன்றாகச் சுற்றுவார். இடம் கிடைத்ததும் எனக்கு ஃபோன் செய்வார், நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். கல் காய்வதற்கும் இவர் வந்து கதவைத் தட்டுவதற்கும் சரியாக இருக்கும்.

அன்றைக்கும் செய்தார். "பார்க்கிங் கெடச்சிட்டு. வாரேன்." அவ்வளவுதான். லாட்டரி விழுந்தவர் மாதிரிக் குரல்.

கல் காய்ந்தது, புகைந்தது. அணைத்தேன். அதற்கப்புறம் வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். ரவுண்டானாவுக்கு அந்தப் பக்கம், துபாய் பஸ் நிற்கிற ஸ்டாப்பை ஒட்டி நடைபாதையில் விழுந்து கிடந்திருக்கிறார். மாரடைப்பு. யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபோன், பர்ஸ், வண்டிச் சாவி, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோய், காரியம் முடித்து, ரக்ஷியின் பரீட்சைக்காகத் திரும்பி வந்தோம். பக்கத்து ஃப்ளாட் ஜுலைஹா லாத்தாவின் வீட்டுக்காரர் காதர் மைதீன் காக்கா, சாவியை வாங்கிக்கொண்டு எங்கள் கட்டடத்தைச் சுற்றியிருக்கிற மைதானங்களில் எல்லாம் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். எந்த வண்டியும் கண் சிமிட்டவில்லை. வெள்ளை நிசான் சன்னி. ஷார்ஜாவில் வெள்ளை சன்னியைத் தேடுவது உப்பளத்தில் ஒரு உப்பைத் தேடுகிற மாதிரி.

"போலீஸ்ல ஒரு வார்த்த சொல்லிருவோமா?" என்று காக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். முனிசிபாலிட்டி தூக்கிப் போயிருக்கும், போகட்டும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது.

10 ஏப்ரல், வியாழன்

மெசேஜில் ஒரு இணைப்பு இருந்தது. ரக்ஷி திறந்துவிட்டாள். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் எடுத்த இரண்டு ஃபோட்டோ. நம்முடைய வண்டிதான். பின் பம்பரில் நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் இவர் தூணில் இடித்த நசுங்கல். பின்னால் ஒரு வெறும் சுவர், எந்த ஊரிலும் இருக்கிற சுவர்.

மூன்று மாதம் மணலில் கிடந்த வண்டி எப்படி இருக்கவேண்டும்? கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அந்த அளவு புழுதி படிந்திருக்கவேண்டும். இது பளபளவென்று இருக்கிறது. முன் கண்ணாடியில் இரண்டு வைப்பரும் நிமிர்ந்து நிற்கின்றன.

"அம்மா, சம்படி இஸ் யூஸிங் இட்," என்றாள் ரக்ஷி. அப்புறம் என்னைப் பார்த்து, தமிழில், "யாரும்மா?" என்றாள்.

12 ஏப்ரல், சனி

இன்னொரு ஃபைன். மறுபடியும் "அன்புள்ள சுயம்புலிங்கம்".

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை முதல் நாள். பாயசம் வைத்தேன். இரண்டு பேருக்கு எவ்வளவு வைப்பது என்று இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தை லாத்தா வீட்டுக்குக் கொடுத்தேன். ஃபைன் விஷயத்தைச் சொன்னதும் லாத்தா தாடையில் கை வைத்தாள். "செத்தும் கொடுத்தான் சீதக்காதின்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க புள்ள. ஒன் மாப்பிள்ளை செத்தும் ஃபைன் வாங்குறாரே." சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அவள் வீட்டு சோஃபாவிலேயே உட்கார்ந்து அழுதேன்.

எதற்கு அழுதேன் என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பொங்கலன்று சண்டை. "கம்பெனியில ஆள் கொறைக்கான். பேசாம எல்லாரும் ஊருக்கே போயிருவோம்," என்றார். ரக்ஷி பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்றேன். பேச்சு நீண்டது. "நீங்க வேணா போங்க, நாங்க இருக்கோம்." இது நான். "அப்ப நான் எதுக்கு இங்க? சத்வா ரூம்ல ஒரு பெட்டு காலியாத்தான் கெடக்கு. அங்க போயிருதேன்." இது இவர். எங்களைக் கூட்டி வருவதற்கு முன்னால் துபாய் சத்வாவில் ஒரு டெய்லர் கடை மாடியில் ஊர்க்காரர்களோடு பல வருஷம் இருந்தவர். அதற்கப்புறம் பேச்சு இல்லை. சாப்பாடு மேஜையில், படுக்கை ஹாலில். வியாழன் சாயங்காலம் வந்த அந்த ஃபோன்தான் முதல் பேச்சு.

சத்வா போகிறவர்கள் இவர் விழுந்து கிடந்த அந்த ஸ்டாப்பில்தான் பஸ் ஏறுவார்கள்.

வண்டி இருக்கும்போது பஸ் எதற்கு என்று யாராவது கேட்கலாம். அல் நஹ்தாவில் குடியிருக்காதவர்கள் கேட்கிற கேள்வி அது. இங்கே வெள்ளி முதல் விடுமுறை, வியாழன் சாயங்காலம் கிடைத்த இடத்தை ஞாயிறுவரை எவனும் விடமாட்டான். கல்யாணத்துக்கே வண்டியை விட்டுவிட்டு டாக்சியில் போவார்கள். இவர் வீட்டுப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருப்பார். கட்டடத்தை நிமிர்ந்து பார்த்திருப்பார். என் மூஞ்சியை நினைத்திருப்பார். திரும்பி ஸ்டாப்பைப் பார்த்து நடந்திருப்பார்.

அதனால்தான் போலீஸ் வேண்டாம் என்றேன். வண்டி வீட்டுப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால், இவர் எங்களை விட்டுவிட்டுத்தான் போனார் என்று ஆகிவிடும். தெரியாதவரைக்கும் "வாரேன்" என்ற ஒரு சொல்லாவது எனக்கு மிஞ்சும்.

16 ஏப்ரல், புதன்

பார்க்கிங் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். ஒரு பெண். "வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லுங்கள்." உரிமையாளரிடம்தான் சொல்வோம் மேடம். "உரிமையாளர் இறந்துவிட்டார்." அப்படியானால் அவர் எமிரேட்ஸ் ஐடியோடு நேரில் வரவேண்டும் மேடம்.

 அப்புறம் அவளே மெதுவாக, "ஆன்லைனில் அப்பீல் போடுங்கள்," என்றாள்.

போட்டோம். காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. வண்டி பழுது, டிக்கெட் மெஷின் பழுது, அவசர சிகிச்சை, மற்றவை. இவர் "மற்றவை"யில் சேர்ந்தார்.

17 ஏப்ரல், வியாழன்

கிளினிக்கிலிருந்து வருகிற வழியில் எத்தனை வெள்ளை சன்னி. எல்லாவற்றிலும் டிரைவர் சீட்டைப் பார்க்கிறேன். ஒருவன் ஹாரன் அடித்துத் திட்டினான். திட்டட்டும்.

பஸ் ஸ்டாப் வழியாக நான் இன்னும் போவதில்லை. சூப்பர்மார்க்கெட்டைச் சுற்றித்தான் வருகிறேன். ரக்ஷியும் பள்ளி பஸ்ஸில் அந்தப் பக்கம் வரும்போது குனிந்துகொள்வாளாம். அதே பஸ்ஸில் வருகிற அவள் கூட்டாளி சொன்னாள்.

20 ஏப்ரல், ஞாயிறு

"அன்புள்ள சுயம்புலிங்கம், உங்கள் அப்பீல் நிராகரிக்கப்பட்டது."

22 ஏப்ரல், செவ்வாய்

மூன்றாவது ஃபைன், புது ஃபோட்டோ. வண்டி நனைந்திருக்கிறது. ஷார்ஜாவில் எந்த மழை? முன் கண்ணாடியில் பிம்பமாக ஒரு ஆள் தெரிகிறான். முகம் இல்லை, தோள்வரைக்கும்தான். ஒரு கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தொடப் போகிறான்.

ரக்ஷி விரலால் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். "அப்பா ஹைட்டும்மா," என்றாள். ஃபோனைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். "சாமியக் கும்பிட்டுட்டுப் போய்ப் படிட்டி," என்றேன்.  பூஜை அலமாரி முன்னால் நின்று பார்த்தேன். கும்பிட வரவில்லை, கோபம்தான் வந்தது.

வண்டிகிட்ட வரத் தெரியுதுல்ல. வீட்டுக்கு வரத் தெரியலயா? சாவி இங்கதான இருக்கு. எங்க நின்னு எதத் தொடச்சிக்கிட்டு இருக்கீங்க? உயிரோட இருந்தப்ப ஒருநா கழுவினீங்களா அந்த வண்டிய?

பைத்தியக்காரி மாதிரி எழுதுகிறேன். இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

24 ஏப்ரல், வியாழன்

ரக்ஷி அலமாரிச் சாவியை எடுத்திருக்கிறாள். நான் வேலை முடிந்து வரும்போது இவருடைய ஃபோன் அவள் மடியில் இருந்தது. கம்பெனி ஆப்பில் இவர் பெயரில் உள்ளே போக ஓடிபி கேட்டது, ஓடிபி இந்த ஃபோனுக்கே வந்தது, போட்டுவிட்டாள். இவ்வளவு சுலபமா? உயிரோடு இருக்கிற எனக்குச் சொல்லாததை, செத்தவர் ஃபோனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"அம்மா, லிசன். கத்தாத. இங்க பாரு."

மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி. வீட்டுப் பக்கத்தில் தேடினேன், இல்லை. அவள் விரல் எங்கள் கட்டடத்தில் தொடங்கி, ரவுண்டானாவைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, இன்னும் போய்க்கொண்டே இருந்தது. ஸ்டாப்புக்கும் அப்பால், ரொம்பத் தூரம், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். அங்கே நிற்கிறது வண்டி. அவ்வளவு தூரத்தில் யாரும் நிறுத்தமாட்டார்கள் என்று காக்கா அந்தப் பக்கம் தேடவே இல்லை.

எனக்குப் புரிய நேரமாயிற்று. அவளுக்கு முன்னமே புரிந்திருக்கிறது. நான் யாரிடமும் சொல்லாததை அவளும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள். ஹாலில் அப்பா படுத்திருந்ததைப் பார்த்தவள்தானே. சுவரா, காது கேட்காமல் இருக்க?

"அப்பா சத்வா போகலம்மா. வண்டிய அங்க விட்டுட்டு, இப்படி நடந்து வந்துட்டு இருந்தாரு. பஸ் ஸ்டாப் நடுவுல வருது, அவ்ளோதான். நம்ம வீட்டுக்குத்தான் வந்துட்டு இருந்தாரு."

அவள் விரலை மறுபடி எடுத்து அங்கிருந்து இங்கே ஓட்டிக் காட்டினாள். இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். காட்டினாள்.

25 ஏப்ரல், வெள்ளி

காலையிலேயே காக்கா, நான், ரக்ஷி, மூன்று பேரும் போனோம். மணல் மைதானத்தைச் சுற்றிப் புதிதாகக் கம்பி வேலி, கேமரா, கம்பெனி போர்டு. தார்கூடப் போடவில்லை, மணலுக்கே வாடகை. இந்த மாதம்தான் எடுத்திருக்கிறார்கள்.

காக்கா பொத்தானை அமுக்கினார். எந்த வண்டியும் கண் சிமிட்டவில்லை. பேட்டரி செத்திருக்கிறது. ரக்ஷிதான் கடைசி வரிசைக்கு ஓடிப்போய் நசுங்கலைத் தொட்டாள்.

அதன் பக்கத்தில் வாளியும் துணியுமாக ஒரு ஆள். உயரம். இவர் உயரம்தான். என்னைப் பார்த்தார், காக்கா கையிலிருந்த சாவியைப் பார்த்தார், நேரே சண்டைக்கு வந்துவிட்டார். "ஃபோன் க்யூ நஹீ உடாத்தா?" ஏன் ஃபோனை எடுப்பதே இல்லை என்று.

பெயர் நியாமத். பெஷாவர் பக்கம். அந்த மைதானத்தில் மாதக் கணக்குக்கு வண்டி கழுவுகிறவர். வண்டிக்குள் முன் கண்ணாடியோரம் இவர் நம்பர் எழுதிய அட்டை இருக்கிறது. வண்டி யாரையாவது மறித்தால் கூப்பிட என்று இங்கே எல்லாரும் வைக்கிற அட்டை. அதைப் பார்த்துத்தான் வாராவாரம் கூப்பிட்டிருக்கிறார். நான் எடுக்காமல் விட்ட அந்த நம்பர் அவருடையது.

கிளினிக்கில் பழகிய ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.  அப்புறம் சொன்னார். அன்று சாயங்காலம் இவர் மைதானத்தை வட்டம் வட்டமாகச் சுற்றினாராம். ஒரு வண்டி வெளியே போக, சட்டென்று நுழைத்தாராம். இறங்கி ஃபோன் பேசினாராம், சிரித்தாராம். பிறகு நியாமத்தைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து தினமும் கழுவு, வண்டி அழுக்கென்று வீட்டில் திட்டு விழுகிறது என்றாராம்.

திட்டினேன்தான். போன வருஷம் முழுக்கத் திட்டினேன்.

"யாரும் வராமல் ஏன் கழுவினீர்கள்?" என்றேன்.

புழுதி படிந்தால் முனிசிபாலிட்டிக்காரன் நோட்டீஸ் ஒட்டித் தூக்கிப்போய்விடுவான் பாபி, என்றார், அண்ணி முறை வைத்து. கடன் வாங்கிவிட்டு வண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போகிறவர்கள் இங்கே நிறையப் பேர். இவரும் அப்படித்தான் என்று மற்றவர்கள் சொன்னார்களாம். ஓடிப்போகிறவன் வண்டியைக் கழுவச் சொல்லமாட்டானே என்று நியாமத் நினைத்துக்கொண்டாராம். கழுவி முடித்த அடையாளத்துக்கு வைப்பரைத் தூக்கிவிடுவது தொழில் வழக்கம். அதுதான் ஃபோட்டோவில் பார்த்தது.

"எந்தப் பக்கம் நடந்து போனார்?" இதைக் கேட்கத்தான் நான் வந்ததே.

ஈரத் துணி பிடித்த கையை நீட்டினார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய சந்து. அது பஸ் ஸ்டாப்புக்குப் போகும். அதைத் தாண்டி ரவுண்டானா. அதைத் தாண்டி எங்கள் கட்டடம், பதினோராவது மாடியில் லாத்தா காயப்போட்ட பச்சைப் போர்வைகூடத் தெரிந்தது. அதற்குள் மக்ரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள், தொழப் போய்விட்டேன், வேறொன்றும் பார்க்கவில்லை என்றார் நியாமத்.

கழுவின கூலியைக் காக்கா பேசிக் கொடுத்தார். நியாமத் வாங்கிக்கொண்டார், வேண்டாமென்று நாடகம் ஆடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

காக்காவை முன்னால் அனுப்பிவிட்டு நானும் ரக்ஷியும் நடந்தே வந்தோம். ஸ்டாப் வந்தது. பெஞ்சில் இரண்டு பேர் பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சாதாரண இடம். நடைபாதையில் சிவப்புக் கல் பாவியிருக்கிறது. நான் நின்றேன். ரக்ஷி கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவளும் நின்றாள். அப்புறம் மிச்சத் தூரத்தை நடந்தோம்.

26 ஏப்ரல், சனி

நன்றாகத் தூங்கினேன்.

15 மே, வியாழன்

இறப்புச் சான்றிதழை மூன்றாவது தடவையாக அனுப்பியதற்குப் பதில் வந்தது. வரிக்கு வரி எழுதி வைக்கிறேன். "அன்புள்ள சுயம்புலிங்கம், உங்கள் மறைவுக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் அபராதங்கள் ரத்து செய்யப்பட்டன. மீண்டும் எங்களிடம் வாகனம் நிறுத்த உங்களை அன்புடன் அழைக்கிறோம்."

ரக்ஷி சத்தம் போட்டுப் படித்தாள். பாதியில் அவளால் முடியவில்லை. நான் வாங்கிப் படித்தேன், என்னாலும் முடியவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். லாத்தா கதவைத் தட்டி என்னமோ ஏதோ என்று கேட்டாள். இவர் இருந்திருந்தால் இந்த மெசேஜை ஊர் முழுக்க அனுப்பியிருப்பார்.

22 செப்டம்பர், திங்கள்

டிரைவிங் டெஸ்டில் மறுபடி ஃபெயில். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. பார்க்கிங்கில்தான் கோட்டை விட்டேன். வேறெதில் விடுவேன்?

11 நவம்பர், செவ்வாய்

பாஸ். கோர்ட் பேப்பர் வந்து வண்டியும் என் பெயருக்கு மாறிவிட்டது. புது பேட்டரி காக்கா உபயம். இவருடைய நம்பர் அட்டையை எடுத்து வீட்டில் வைத்தேன், என் நம்பரை எழுதி அதே இடத்தில் வைத்தேன்.

4 டிசம்பர், வியாழன்

முதல் தடவை தனியாகக் கிளினிக்கிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். வியர்த்துவிட்டது. அதற்குமேல் பார்க்கிங். நம் கட்டடப் பக்கம் இடமில்லை. சூப்பர்மார்க்கெட் பின்னால் இல்லை. ஒரு இடம் கண்ணில் பட்டது, நான் இண்டிகேட்டர் போடுவதற்குள் ஒரு லேண்ட் குரூஸர்க்காரன் நுழைத்துவிட்டான். கெட்ட வார்த்தையில் திட்டினேன். இவர் திட்டுகிற அதே வார்த்தை.

சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பின் மைதானத்துக்கே போனேன். நியாமத் தூரத்திலிருந்து துணியை ஆட்டினார். "பாபி, யஹா, யஹா." ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. நான்கு தடவை முன்னும் பின்னும் எடுத்து நுழைத்துவிட்டேன். கம்பெனிக்கு ஆப்பில் காசு கட்டினேன். இனிமேல் "அன்புள்ள நாகஜோதி" என்று மெசேஜ் வரும்.

இறங்கியதும் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"பார்க்கிங் கெடச்சிட்டு. வாரேன்."

 ரக்ஷி ஃபோனை வைத்த சத்தம் கேட்டது. சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்துக்கொண்டே அந்தச் சந்து வழியாக வந்தேன்.

பஸ் ஸ்டாப் விளக்கடியில் நின்றுகொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. காலில் பாத்ரூம் செருப்பு, கையில் தோசைக்கரண்டி. வீட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள்.

"ஏட்டி, அடுப்ப அணைச்சிட்டு வந்தியா?" என்று கேட்டேன்.

அணைத்துவிட்டேன் என்றாள். கரண்டியை வாங்கிக்கொண்டேன். சேர்ந்து நடந்தோம்.